பெருங்காயமும் பேஸ் கிடாரும்

ராஜபாளையத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். பந்தி முடிந்து, கையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பால்கோவாவோடு மெல்லிசைக் கச்சேரி கேட்க நான்காவது வரிசையில் வந்து உட்கார்ந்தேன். கிண்ணத்தில் இருந்த ஸ்பூன் தானாக நகர்ந்தது. பேய் பிசாசு எதுவும் இல்லை. பேஸ்!

மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பதினெட்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டிரண்டு. அதிலிருந்து புறப்பட்ட காற்றில் என் வேட்டி நுனி ஆடியது. பக்கத்து நாற்காலிப் பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “நான் வெளிய நிக்கேன்” என்று போய்விட்டார். திருடனுக்குப் பயப்படாது என்று ஊர் உலகமெல்லாம் பெயர் வாங்கிய வெள்ளை ராஜபாளையம் நாய் ஒன்று, மண்டபத்துக்கு எதிர்வீட்டுத் திண்ணையில் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது.

மேடையில் அப்போது ஓடிக்கொண்டிருந்த பாட்டு ‘என் இனிய பொன் நிலாவே’. 1980-ல் வந்த ‘மூடுபனி’. இளையராஜாவுக்கு நூறாவது படம். அந்தப் பாட்டை நீங்கள் ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள். மேலே பாடகர் ஒரு மெட்டைப் பாட, கீழே பேஸ் கிடார் தன் பாட்டுக்கு இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். ஒன்றுக்கொன்று வழி விடும். சண்டையே வராத கூட்டுக் குடும்பம்.

பின்வரிசையில் தலை நரைத்த ஒரு மனிதர் அந்த பேஸ் கிடாரை வாசித்துக்கொண்டிருந்தார். விரல்கள் மேலும் கீழும் ஓடுவது நன்றாகத் தெரிந்தது. காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். தும்... தும்... தும். ‘ஸ’வுக்கும் தும். ‘ப’வுக்கும் தும்.

முடிந்ததும் மேடைக்குப் போனேன். ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார். “நல்லா வாசிச்சீங்க” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். “கேட்டுச்சா சார்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “விரல் தெரிஞ்சது” என்றேன்.

“எனக்கும் அவ்வளவுதான் சார்” என்று சொல்லிவிட்டு மறுபடி ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

*

சவுண்டு போட்ட பையனிடம் கேட்டேன். இருபத்தைந்து வயதிருக்கும். மரியாதையான பையன். “பேஸை ஃபுல்லா தூக்கித்தான் சார் வெச்சிருக்கேன். நெஞ்சுல இடிச்சாத்தான ஜனம் உக்காருது? போன கல்யாணத்துல இடி பத்தலைன்னு வாடகையில பிடிச்சிட்டாங்க” என்றான்.

ஆக, பையன் மேல் தப்பில்லை. வாடகையில் பிடித்தவர் யார்? கல்யாண வீட்டுக்காரர். அவரைக் கேட்டால் விருந்தினர்களைக் கைகாட்டுவார். விருந்தினர் யார்? நான்தான். நீங்கள்தான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘பேஸ்’ என்ற வார்த்தைக்கு இன்று நமக்கு என்ன அர்த்தம்? கார் டிக்கியில் வைக்கும் பெட்டி. ஹெட்போன் அட்டையில் போட்டிருக்கும் ‘எக்ஸ்ட்ரா பேஸ்’. பக்கத்து ஃப்ளாட்டில் இருந்து சுவர் வழியாக வரும் தலைவலி. அது ஒரு வாத்தியம், அதை ஒரு மனிதர் வாசிக்கிறார், அதற்கும் சுரம் உண்டு என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? சிதார் என்றால் ராகம் என்கிறோம். வயலின் என்றால் உருக்கம் என்கிறோம். பேஸ் என்றால் மட்டும் டெசிபலா?

இது ஏதோ சங்கீத மேதாவிகளின் முணுமுணுப்பு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு மனிதரின் வேலை இதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் ஒரு விடுகதை.

1980-களில் இதே ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதே பாட்டை நீங்கள் கேட்டிருந்தால், அது ஒரு டிரான்சிஸ்டரிலிருந்து வந்திருக்கும். அதன் ஸ்பீக்கர் நாலு அங்குலம். அதில் பேஸ் கிடாரின் ஒவ்வொரு சுரமும் கேட்டது. வாய்விட்டு முனகலாம். இன்று பதினெட்டு அங்குல ஸ்பீக்கரில் அது கேட்கவில்லை. எப்படி?

விடை பௌதிகத்தில் இருக்கிறது. பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புப் பௌதிகம்தான். பேஸ் கிடாரின் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. நாலு அங்குல ஸ்பீக்கரால் அந்த 41-ஐ எழுப்பவே முடியாது. ஆனால், எந்தக் கம்பியும் ஒரே ஒரு அதிர்வோடு நிற்பதில்லை. கூடவே 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் மெலிதாக ஒலிக்கும். ஹார்மோனிக்ஸ் என்பார்கள். ஸ்பீக்கர் இந்த மடங்குகளை மட்டும்தான் அனுப்புகிறது. நம் மூளை இருக்கிறதே, அது பலே கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை. மடங்குகளைக் கேட்டதும் ‘ஓ, அடியில் இருப்பது 41’ என்று தானே கூட்டிப் போட்டுக்கொள்கிறது. காதுக்கு வராத சுரத்தை மூளை கேட்கிறது. டீக்கடையில் நடந்தது அதுதான்.

கல்யாண மண்டபத்தில் நடப்பது தலைகீழ். ஆபரேட்டர் அடிப்பகுதியை மட்டும் தூக்குகிறார். நெஞ்சு அதிர்கிறது. ஆனால் எந்தச் சுரம் என்று சொல்லும் மடங்குகள் கீபோர்டுக்கும் ரிதம் பேடுக்கும் கீழே அமுங்கிப் போகின்றன. உடம்புக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை. கேட்கவில்லையா, இன்னும் கூட்டு. கூட்டினால் இன்னும் கேட்காது. இன்னும் கூட்டு! உப்புக் கம்மியாக இருக்கும் குழம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பது போல.

*

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் கோபுரம் தெரிந்துவிடும். ஆண்டாள் தேர் நிற்கும் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்த பேஸ் கிடார்காரர் வீடு. “வாங்க சார், உள்ள வாங்க” என்று ஈஸி சேரை இழுத்துப் போட்டார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “இவரு வாசிக்கிறத கேக்க வீடு தேடி வந்த மொத ஆளு நீங்கதான் அண்ணே” என்றார். அது பாராட்டா, குத்தலா என்று இன்னமும் தெரியவில்லை.

முப்பது வருஷமாக வாசிக்கிறார். பகலில் ஒரு நூல் மில்லில் கணக்கு. ராத்திரியில் கோயில் கொடை, கல்யாணம், பூப்புனித நீராட்டு. கிடாரில் போட்டிருப்பது ‘ஃப்ளாட் வவுண்ட்’ கம்பி. அதாவது, உள் கம்பியின் மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றாமல் தட்டையான நாடாவைச் சுற்றியிருப்பார்கள். தடவினால் வழவழவென்று இருக்கும். விரல் நகரும்போது கிரீச் என்று கத்தாது. சத்தம் உருண்டையாக, கொஞ்சம் மூடினாற்போல், பழைய பெரிய டபுள் பேஸ் மாதிரி வரும். உருண்டைக் கம்பி சுற்றிய ‘ரவுண்ட் வவுண்ட்’ பளிச்சென்று கேட்கும். 1960-களின் நடுவில் இங்கிலாந்தில் அது பிரபலமான பிறகு உலகம் முக்கால்வாசி அந்தப் பக்கம் போய்விட்டது.

“நீங்களும் மாத்திட வேண்டியதுதானே? கேட்குமே?” என்றேன்.

“கேக்கும் சார். ஆனா அது இந்தப் பாட்டு இல்லையே. எம்.எஸ்.வி. பாட்டு, ராஜா சார் பாட்டுக்கெல்லாம் இந்தக் கம்பிதான் எனக்கு ஒத்து வருது. அது கத்தும். இது பேசும்.”

நியாயம்தான். ஆனால் பேசுகிறவன் சந்தைக்கடையில் நின்று பேசினால்? ஃப்ளாட் கம்பியில் மேல்மடங்குகள் இயற்கையிலேயே குறைவு. அந்தப் பதினெட்டு அங்குலப் பெட்டிகளுக்கு முன்னால் அது வாயில் துணி வைத்து அடைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

இதற்கு மருந்து உண்டு. அதன் பெயர் ஓவர்டிரைவ். காலால் மிதிக்கிற ஒரு சின்ன இரும்புப் பெட்டி. சோப்பு டப்பா சைஸ். அந்தக் காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்குக் கொஞ்சம் மேலே போய் விரட்டினால் ஒலி அலையின் தலை லேசாக மழுங்கும். மழுங்கும்போது புதிதாக மடங்குகள் பிறக்கும். சத்தத்தில் ஒரு சின்னக் கரகரப்பு வரும். அந்த மழுங்கலைச் செயற்கையாகச் செய்வதுதான் பெடல். அளவோடு செய்தால், ஃப்ளாட் கம்பி இழந்த மடங்குகள் திரும்பி வரும். வால்யூமைக் கூட்டாமலே சுரம் காதுக்கு வந்து சேரும்.

“ஐயையோ, கரகரப்பா? அது ராக் மியூசிக் சமாசாரமாச்சே, நம்ம சங்கீதத்துக்கு எதற்கு?” என்று சில பெரியவர்கள் ஆரம்பிப்பார்கள். அவர்களை அடுத்த கச்சேரியில் தம்புராவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு துண்டு நூல் செருகியிருக்கும். ஜீவாளி. அந்த நூலை எடுத்துவிட்டால் தம்புரா வெறும் டொய்ங். நூலை நகர்த்தி நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்தினால், ஒரு ரீங்காரம் எழுந்து மண்டபம் முழுக்க நிறையும். தந்தியைச் சுத்தமாக அதிரவிடாமல் லேசாகக் கெடுப்பதுதான் அந்த நூலின் வேலை. கெடுப்பதற்குப் பெயரே ஜீவாளி; பெயருக்குள்ளேயே ஜீவன் இருக்கிறது. மிருதங்கத்தில் வலந்தலைத் தோலுக்கு இடையில் பொடிக் குச்சியோ பொடிக் கல்லோ செருகுகிறார்களே, குச்சி மிருதங்கம், கப்பி மிருதங்கம் என்று, அதுவும் இதே குடும்பம். ஓவர்டிரைவைக் கண்டுபிடிக்க நமக்கு அமெரிக்கா தேவைப்படவில்லை. கரன்ட் இல்லாமலே செய்துவைத்திருந்தோம்.

ஃப்ளாட் கம்பியும் கரகரப்பும் சேரலாமா என்று கேட்கும் இன்னொரு கோஷ்டி உண்டு. அவர்களுக்கு ஒரு பெயர்: ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரத்தில் மோடவுன் கம்பெனியின் பேஸ் வாத்தியக்காரர். 1960-களில் அமெரிக்கா முணுமுணுத்த எத்தனையோ ஹிட் பாட்டுகளுக்கு அடியில் ஓடியது அவர் விரல்தான். ஆமாம், விரல், வலது கையில் பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்காட்டி விரல். அவர் கம்பி ஃப்ளாட். அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். ஸ்டுடியோவில் ஆம்ப்ளிஃபயர்கூட இல்லாமல் கிடாரை நேரே ஒலிப்பதிவு மேஜையில் செருகி, லேசாக ஓவர்டிரைவ் ஆகும்படி வைத்துக்கொள்வாராம். உலகமே கொண்டாடுகிற அந்த பேஸ் சத்தத்தின் ரகசியத்தில் பாதி வழவழக் கம்பி, பாதி துளிக் கரகரப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மோடவுன் இசைத்தட்டு உறைகளில் ஜேமர்சனின் பெயர் பல வருஷம் அச்சாகவே இல்லை. 1971-ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் வந்தது. 1983-ல் இறந்துபோனார். அடியில் இருப்பவன் பெயர் வெளியே வருவதற்கு எந்த ஊரிலும் நேரம் பிடிக்கத்தான் செய்கிறது. நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் வாசித்த சசிதரன் பெயரை ரசிகர் மன்றத்தில் எத்தனை பேர் சொல்வார்கள்? ரகுமான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ்? ஹீரோயினுக்கு டப்பிங் குரல் கொடுத்தவரின் பெயர்கூடத் தெரியும் நமக்கு.

*

இப்போது முக்கியமான இடம். ‘துளி’ என்றேன் அல்லவா, அந்தத் துளியில்தான் எல்லாம் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் மூன்று பெட்டி வாங்கிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கச்சேரிச் சம்பளம். முதலாவதைத் திருகியதும் வாசித்தது பேஸ் கிடாரா, மாவு மில்லா என்று சந்தேகம் வந்துவிட்டது. கோயில் கமிட்டித் தலைவர் மேடைக்கே வந்து, “என்னப்பா, ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சா?” என்று கேட்டிருக்கிறார். இரண்டாவதில் கரகரப்பு அழகு. ஆனால் அடியே காணோம். லீட் கிடாருக்காகச் செய்த பெட்டிகளில் இது சகஜம். புகழ்பெற்ற பச்சை டியூப் ஸ்க்ரீமர்கூட அடிப்பகுதியை நிறைய வெட்டிவிட்டு நடுப்பகுதியைத் தூக்கும்படி செய்த சமாசாரம்தான். லீட் கிடாருக்கு அது வரம், பேஸுக்கு இடுப்பொடிந்த கதை. மூன்றாவதுதான் ஒத்து வந்தது.

பரீட்சை எழுதித் தோற்றுத் தோற்றுப் பாஸானவரின் நோட்ஸ் எப்போதும் நன்றாக இருக்கும். அவர் சொன்னதை உங்கள் பையனோ பெண்ணோ பேஸ் வாசிப்பவராக இருந்தால் எடுத்துக் கொடுங்கள்.

பெட்டியில் ‘பிளெண்ட்’ என்று ஒரு திருகு இருக்க வேண்டும். சுத்தமான சத்தமும் கரகரத்த சத்தமும் தனித்தனியாக ஓடி, கடைசியில் நாம் சொல்கிற விகிதத்தில் கலக்க வேண்டும். அப்போதுதான் அடி அப்படியே நிற்கும், மேலே மட்டும் மணம் ஏறும். டெக் 21 சான்ஸ்ஆம்ப், எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் பேஸ் சோல் ஃபுட் என்று இந்த ஏற்பாடு உள்ள பெட்டிகள் பல உண்டு. பெயர் முக்கியமில்லை, திருகு முக்கியம்.

‘டிரைவ்’ திருகு கடிகாரத்தில் ஒன்பது மணிக்கு முன்னால் என்ன செய்கிறது என்று பாருங்கள். பல பெட்டிகள் ஏழு மணியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ஃப்ளாட் கம்பிக்கு அது ஆகாது. மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் மட்டும் கரகரப்பாகவும் வர வேண்டும். அதிகாரம் பெட்டியிடம் இருக்கக் கூடாது, விரலிடம் இருக்க வேண்டும்.

மேல்ஸ்தாயி இரைச்சலைக் குறைக்க ஒரு ‘டோன்’ திருகு வேண்டும். ஃப்ளாட் கம்பியில் தன்னுடைய பளபளப்பு கிடையாது. அதனால் பெட்டி போடும் இரைச்சல் சுரத்தோடு ஒட்டாமல், பலாச்சுளை மேல் ஈ மொய்ப்பது போல் தனியாகக் கேட்கும்.

கடையில் ஏமாறாதீர்கள். பெடலை மிதித்ததும் சத்தம் கூடினால் ‘ஆஹா’ என்று தோன்றும். எது சத்தமோ அது உசத்தி என்று நம்புவது காதின் பிறவிக் குணம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே அளவு கேட்கும்படி ‘லெவலை’ச் சரி செய்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். கடைக்காரரின் கிடாரில் அல்ல, உங்கள் கிடாரில், உங்கள் பழைய கம்பியில். சென்னையில் ஒரு கடையில் நானே போய்ப் பார்த்தேன். விற்பனைப் பையன் எல்லாத் திருகையும் வலது கோடிக்குத் திருப்பிவிட்டு, “செம பவர் சார்” என்றான். பவர் மண்டபத்தில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது தம்பி.

பெட்டி எதற்கு, ஜேமர்சன் மாதிரி மிக்ஸரையே கொஞ்சம் அதிகம் முடுக்கினால் போதாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். “அவர் காலத்து மேஜை வால்வு சார், மழுங்கும். இப்ப இருக்கிறது டிஜிட்டல், வெட்டும்.” மழுங்கலுக்கும் வெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டார்!

பிறகு வாசித்துக் காட்டினார். சின்ன பிராக்டிஸ் ஆம்ப்ளிஃபயர், தலையணை அளவுதான். வாசல் திண்ணையில் இருந்தவர்களுக்குத் தொந்தரவில்லாத சத்தம். அதே மூடுபனிப் பாட்டு. பெடல் இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. ‘என்ன பெரிய வித்தியாசம்?’ என்று நான் நினைத்த விநாடி, காலால் ஒரு தட்டுத் தட்டி அதை அணைத்தார். யாரோ ஜன்னலைச் சாத்திய மாதிரி இருந்தது.

“அவ்வளவுதான் சார். போட்டா தெரியக் கூடாது. எடுத்தா ஏதோ குறையுதேன்னு தெரியணும். பெருங்காயம் மாதிரி.”

நான் அடிக்கடி எழுதும் விஷயங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற அளவுகோல் இது. சட்டத்துக்கு, போலீசுக்கு, ஏன், பக்திக்கும்கூட.

*

வேலை தொங்குகிறது என்றேனே, அது இதுதான். “அடுத்த சீசன்லருந்து பேஸ் தனியா வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார். கீபோர்டுக்காரர் இடது கையிலயே பாத்துக்கிடுவாராம். எப்படியும் யாருக்கும் வித்தியாசம் தெரியப் போறதில்லையே.”

கடைசி வாக்கியத்தை அவர் குழுத் தலைவரின் குரலிலேயே சொன்னார். கோபமில்லாமல் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. ஏனென்றால், குழுத் தலைவர் சொன்னது உண்மை. தெரியப்போவதில்லை. முதலில் ஒரு மனிதரைக் கேட்காதபடி செய்கிறோம். பிறகு, ‘உன்னைத்தான் யாருக்கும் கேட்கவில்லையே’ என்று வீட்டுக்கு அனுப்புகிறோம். பேஸ் கிடார்காரருக்கு மட்டும் நடக்கிற விஷயமா இது?

2024 டிசம்பரில் இதே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் இளையராஜா இசையமைத்த திவ்ய பாசுர நிகழ்ச்சி நடந்தது. அவர் அர்த்த மண்டபத்துக்குள் போனாரா, வாசலிலேயே நின்றாரா, நிறுத்தினார்களா என்று தொலைக்காட்சிகள் நாள்கணக்கில் பட்டிமன்றம் நடத்தின. கேட்க வேண்டிய கேள்விதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், அன்று அங்கே ஒலித்த இசை எப்படி இருந்தது என்று ஒரு வரி? நான் தேடிப் பார்த்தேன், என் கண்ணில் படவில்லை. இசைக்காரர் எங்கே நிற்கிறார் என்பதில் இருக்கும் அக்கறை, அவர் என்ன வாசிக்கிறார் என்பதில் நமக்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக வருஷத்தில் அதிகபட்சம் பதினைந்து நாள், அதுவும் நள்ளிரவு வரைதான், மாநில அரசு விலக்குக் கொடுக்கலாம். 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் விரிவாக வலியுறுத்தியது. காகிதத்தில் நாம் ரொம்ப அமைதியான தேசம்.

அந்த அடி ஒலிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சுவருக்குக் கட்டுப்படாது. பாட்டு மண்டபத்தோடு நின்றுவிடும். ‘தும்’ மட்டும் நாலு தெரு தாண்டி, மறுநாள் பரீட்சை உள்ள பிள்ளையின் படுக்கை வரைக்கும் போகும். உள்ளே இருப்பவனுக்குச் சுரம் கிடைக்கவில்லை, வெளியே இருப்பவனுக்குத் தூக்கம் கிடைக்கவில்லை. யாருக்காகத்தான் இந்தக் கச்சேரி? சோப்பு டப்பா சைஸ் பெட்டியில் ஒரு திருகை ஒன்பது மணிக்கு வைத்து, பதினெட்டு அங்குலப் பெட்டியைப் பாதியாகக் குறைத்தால், உள்ளே பாட்டுக் கேட்கும், வெளியே பிள்ளை தூங்கும். சட்டத்துக்கும் சங்கீதத்துக்கும் ஒரே பரிகாரம் கிடைப்பது அபூர்வம்.

“கல்யாண வீட்டில் இதையெல்லாம் யார் சார் கவனிப்பார்கள்?” என்பீர்கள். பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் சார் இது! பாலைக் கிண்டும்போது எந்த நிமிஷம் அடுப்பைத் தணிக்க வேண்டும் என்று தெரிந்த ஊர். லேசாகத் தீ பட்ட மணம் ருசி, ஒரு நிமிஷம் கூடினால் அடிப்பிடித்த நாற்றம். ஓவர்டிரைவுக்கும் டிஸ்டார்ஷனுக்கும் இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பெடல் கம்பெனியின் புத்தகத்திலும் கிடையாது. நாக்குக்கு இவ்வளவு நுட்பம் வைத்திருக்கிற நாம், காதை மட்டும் ஏன் கழற்றி வைத்துவிட்டு மண்டபத்துக்குள் போகிறோம்?

உங்களிடம் கேட்பது பெரிய போராட்டம் எல்லாம் இல்லை. உண்ணாவிரதம் வேண்டாம். பெட்டிஷன் வேண்டாம். கல்யாணத்துக்குக் கச்சேரி பேசும்போது, ‘பேஸ் கிடாருக்கு ஆள் உண்டா?’ என்று கேளுங்கள். கீபோர்டிலேயே பார்த்துக்கொள்வோம் என்றால், வேண்டாம், ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள். ‘இடி பத்தவில்லை’ என்று எந்தப் பையனின் வாடகையிலும் கை வைக்காதீர்கள்.

அடுத்த முறை ரிசப்ஷனில் உட்காரும்போது, இரண்டாவது பாட்டு முடிந்ததும் எழுந்து சவுண்டு போடும் பையனிடம் போங்கள். சத்தத்தைக் குறை என்று சொல்லாதீர்கள், அவனுக்கு அது பழகிப் போன வசை. “தம்பி, பின்னால நிக்கிறாரே பேஸ் கிடார், அவர் என்ன வாசிக்கிறார்னு கொஞ்சம் பாடிக் காட்டு” என்று கேளுங்கள்.

அவன் தேடுவான். கை தானாகத் திருகுக்குப் போகும். அநேகமாக இடது பக்கம் திருப்புவான்.